யோகாவின் சனிக்கிழமை நண்டு

ஒருவருக்கு எது சூடு, எது குளிர் என்பதில் யோகாவோடு வாதாடி வென்றவர் அந்தக் காலத்து மெல்பேர்னில் இல்லை. வாதாடக்கூடிய தமிழர் எல்லாரையும் திரட்டினாலும் ஒரு பந்தி நிரம்பாத காலம் அது என்பது வேறு கதை. ரிச்மண்டில் பிரிட்ஜ் ரோட்டுக்குப் பின்னால், இரண்டு அறையும் ஒரு குசினியுமாக இருந்த அந்தச் செங்கல் வீட்டுக்கு யார் வந்தாலும், யோகா முதலில் முகத்தைப் பார்ப்பாள். கண் சிவந்திருந்தால் மோர். குரல் அடைத்திருந்தால் மல்லித் தண்ணீர். உதடு வெடித்திருந்தால், அன்றைக்கு அவருக்குக் கத்தரிக்காய் கிடையாது. வந்தவர் கதிரையில் உட்காருவதற்குள் குசினியில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

ஞாயிறுதோறும் வந்துபோகும் தஞ்சாவூர்க்காரர் கல்யாணசுந்தரம், பெயின்ட் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்தவர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“சிஸ்டர் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். கொஞ்சம் சிவந்திருந்தா எனக்குக் காப்பி கிடையாது, மோர்தான்.”

“காப்பி குடிச்சுக் குடிச்சுத்தானே அண்ணை உங்களுக்குத் தலைமயிர் எல்லாம் போனது” என்பாள் யோகா.

வாரநாட்களில் அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். காலரின் இரண்டு முனையும் ஒரே கூராக வராவிட்டால், மேற்பார்வைக்காரி பார்ப்பதற்கு முன் தானே பிரித்துவிடுவாள். குசினியிலும் அதே கண்டிப்பு. தேங்காய் கிடையாது. பாக்கெட்டில் வரும் உலர்ந்த தேங்காய்ப் பூவை வெந்நீரில் ஊறவைத்து, துணியில் போட்டு, கை சிவக்கப் பிழிந்தால் பால் மாதிரி ஒன்று வரும். வறுத்த மிளகாய்த் தூள் யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலில் வரும். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் என்றால் அதுவும் வராது. முருங்கையிலைக்குப் பதிலாக ஸ்பினாச். எல்லாமே பதில் பொருட்களாக இருந்த அந்த நாட்களில், அசலாகவே கிடைத்த பொருள் ஒன்று இருந்தது. அதுதான் நண்டு.

விக்டோரியா மார்க்கட்டின் மீன் மண்டபத்தில், கிரேக்கக்காரன் ஒருவனின் ஐஸ் தட்டில், முதல் முறை அவள் அதைக் கண்டபோது அப்படியே நின்றுவிட்டாள். நீலக்கால் நண்டு. அதே நீலம், அதே புள்ளி, ஓட்டின் இரு பக்கமும் அதே முள். “உது எங்கட நண்டெல்லோ” என்றாள் கணவனிடம், தொலைந்த உறவுக்காரரைச் சந்தையில் கண்டவள் போல. அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் நண்டு. ஓட்டைக் கழற்றி, செவுள் பூவை நீக்கி, காலை நொறுக்கிப் போட்டு, மிளகும் உள்ளிப்பூண்டும் இடித்து அவள் குழம்பு வைத்தால், அடுத்த வீட்டு மால்ட்டாக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டுவாள்.

கணவன் விக்னராஜா கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறியவர். எழுபத்துமூன்றில் வந்து இறங்கி, பன்னிரண்டு அலுவலகங்களுக்குக் கடிதம் போட்டார். பன்னிரண்டும் மரியாதையாக மறுத்து எழுதின. ‘ஒரு ஆறு மாசம்’ என்று சொல்லிக்கொண்டு டிராமில் கண்டக்டராகச் சேர்ந்தார். ஆறு மாதம் முடிந்தபோது மற்ற வேலை தேடும் எண்ணம் அவரிடம் இருக்கவில்லை.

அந்தப் பச்சை டிராம்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். மர ஆசனம், நடுவில் கதவே இல்லாத திறந்த வாசல், யாரா ஆற்றுக் காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். தோளில் தோல் பையோடு விக்னராஜா அந்த ஆட்டத்தில் எதையும் பிடிக்காமல் நடப்பார். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை இளக்கி, வளைவு வருமுன்னரே உடம்பை மறுபக்கம் சாய்ப்பார். “பிடிச்சால் அது எங்களை இழுக்கும். விட்டால் கூட்டிக்கொண்டு போகும்” என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும் அவர் ‘விக்’. வேலை கிடைத்திருந்தால், மூன்று வருடம் யாருக்கும் தெரியாத ஆளாக ஓர் அலுவலக மேசையில் இருந்திருப்பார். டிராமில் ஒரு தெருவுக்கே தெரிந்த ஆளானார்.

எழுபத்தாறு ஜூன் மாதம், குளிர் நன்றாக இறங்கிய ஒரு காலையில், நகரத்துக்குள் நுழையும் வளைவில் டிராம் திரும்பியது. டிராம் திரும்பி முடிந்த பிறகும் விக்னராஜாவுக்கு உலகம் திரும்பிக்கொண்டே இருந்தது. பையின் பாரம் ஒரு பக்கம் இழுக்க, முட்டைக்கோவாவும் கரட்டும் வைத்திருந்த ஒரு கிழவியின் மடியில் போய் விழுந்தார்.

காதுக்குள் கோளாறு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கொடுத்த குளிசை தலைச்சுற்றைக் கொஞ்சம் அடக்கியது. ஆளைப் பகல் முழுக்கத் தூங்கவும் வைத்தது. டிப்போவில் நல்ல மனுசர்கள். தொலைந்த பொருட்கள் வைக்கும் அறையில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். செப்டெம்பர் இருபதாம் திகதி, திங்கட்கிழமை, டிப்போ டாக்டர் மறுபடி பார்ப்பார். அன்றைக்கு நேராக நின்று, நேராக நடந்து காட்டினால் டிராம். இல்லாவிட்டால் இனி டிராம் இல்லை.

பின்னேரம் வீடு திரும்பும் கணவனைப் பார்க்க யோகாவுக்குப் பொறுக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்.

“என்னப்பா, தலை எப்பிடி இருக்கு?”

“எனக்கு ஒண்டுமில்லை. இந்தக் கதவுதான் குசினிக்குப் போய்ப் போய் வருது.”

பகிடி விட்டாரே தவிர முகத்தில் சிரிப்பில்லை. “முந்நூறு குடையோட இருக்கிறன், யோகா. ஒண்டும் என்னோட கதைக்குதில்லை” என்றார் இன்னொரு நாள்.

அந்த அறைக்குத்தான், தான் விட்டுவந்த குடையைத் தேடி மிஸஸ் லியோங் வந்தார். விக்னராஜாவை டிராமில் தினமும் கண்டவர். வலைப் பையும் வாய் நிறையப் பேச்சுமாக ஏறுபவர். பாட்டனார் சீனாவில் இருந்து தங்கம் தேடி வந்த காலம் முதல் பெண்டிகோக்காரர்கள். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால், ஆட்டுப் பண்ணையில் வளர்ந்த வெள்ளைக்காரி என்றுதான் நினைக்கத் தோன்றும். கணவர் மட்டும் கன்டனில் இருந்து வந்தவர். லிட்டில் பர்க் தெருவில் மாடியில் வைத்தியம் பார்த்தார்.

“இங்கே என்ன செய்கிறாய், விக்? உன்னை யாராவது டிராமில் மறந்து விட்டுவிட்டார்களா?” என்றார் மிஸஸ் லியோங். விஷயத்தைக் கேட்டதும், “சனிக்கிழமை என் கிழவனிடம் வா. மனைவியையும் கூட்டி வா. ஆண்களுக்குத் தாங்கள் என்ன தின்றோம் என்றே தெரியாது” என்றார்.

கல்யாணசுந்தரத்துக்கு இது பிடிக்கவில்லை. “காதுக்குள்ள இருக்கற வியாதிக்கு வேரும் பட்டையுமா? அது தானா சரியாகும் சார். கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கலாம். செப்டெம்பர் பொறுக்காதே” என்றார் விக்னராஜா.

சனிக்கிழமை லியோங்கின் மாடிப்படி ஏறும்போதே யோகாவின் மூக்குக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. உலர்ந்த தோடம்பழத் தோல், இஞ்சி, பெயர் தெரியாத வேர்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். மிஸ்டர் லியோங் ஒல்லியானவர். ஸ்வெட்டரின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தார். விக்னராஜா, நாடி பார்க்கப் போகிறார் என்று கண்டு வலக்கையை நீட்டினார். ஆணுக்கு வலக்கை என்பதுதானே எங்கள் முறை. லியோங் அதை மெல்ல ஒதுக்கி இடக்கையை எடுத்தார். மூன்று விரல் வைத்தார். அழுத்தினார், தளர்த்தினார், மீண்டும் அழுத்தினார். பிறகு வலக்கை. பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, யன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு சீனத்தில் பேசினார். மிஸஸ் லியோங் எடுத்துச் சொன்னார்.

“இவருடைய வயிறு சோற்றுப் பானை என்று வைத்துக்கொள். அடுப்பில் நெருப்புக் குறைந்துவிட்டது. நல்ல நெருப்பு இருந்தால் தண்ணீர் ஆவியாகி உடம்பெல்லாம் போகும், கை காலுக்குத் தெம்பு வரும். நெருப்பு இல்லை, ஆகவே தண்ணீர் தேங்கிச் சளியாகிவிட்டது. அது மூடுபனி மாதிரித் தலைக்கு ஏறி நிற்கிறது. அந்த ஆவிக்கு இவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லை. மூச்சு, உயிர், தெம்பு எல்லாம் அதுதான்.”

யோகாவுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. பானையில் எழுவதும் ஆவி, மனுசனை விட்டுப் போவதும் ஆவி. இந்த மனுசன் எங்கள் ஆள் என்று நினைத்தாள்.

கணவன் சாப்பிடுவதை யோகா சொன்னாள்: காலை நாலரை மணிக்கு ஐஸ்பெட்டிப் பால், மத்தியானம் குளிர்ந்த சான்ட்விச், திறந்த வாசலில் எட்டு மணி நேரம். மூன்று குளிர்காலம். கேட்கக் கேட்க லியோங் தலையாட்டினார். மருந்துப் பொட்டலங்களைக் கட்டினார். மூன்று கோப்பைத் தண்ணீர் விட்டு ஒரு கோப்பையாக வற்றவேண்டும், மண்சட்டியில், என்று மிஸஸ் லியோங் சொன்னபோது, “கசாயம். தெரியும்” என்றாள் யோகா.

கடைசியில் லியோங் ஒரு தாளில் சீன எழுத்தில் எட்டு வரி எழுதினார். மிஸஸ் லியோங் அதை வாசிக்கத் தொடங்கினார். “குளிர்ச்சியான சாப்பாடு எதுவும் கூடாது. முதலாவது, ஐஸ்பெட்டிப் பால்...”

“வேண்டாம், மிஸஸ் லியோங்” என்று சிரித்தாள் யோகா. “எது குளிர், எது சூடு என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் அதிலேதான் வளர்ந்தோம்.”

மிஸஸ் லியோங் ஒரு கணம் தயங்கினார். தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். யோகா அதைக் குசினியில் அடுப்புக்கு மேலே ஊசியால் குத்தி வைத்தாள், வீட்டுக்கு ஒரு வைத்தியரின் கையெழுத்து இருக்கட்டும் என்று.

வீட்டில் அன்றே சட்டம் மாறியது. பால் நின்றது. சான்ட்விச்சுக்குப் பதில் சுடுபோத்தலில் கொள்ளு ரசம் போனது. தயிர், வெள்ளரிக்காய், வாழைப்பழம் மூன்றும் வெளியே. சூடான சாமான்களை அவள் உள்ளே கொண்டுவந்தாள்: இஞ்சி, மிளகு, ஆட்டிறைச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, சளியும் தடிமனும் பிடித்த மனுசனை ஒரே வேளையில் எழுப்பிவிடும் என்று அவள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சூடான சாமான் கையருகில் இருந்தது. சனிக்கிழமை மட்டும் இருந்த நண்டு, புதன்கிழமையும் வந்தது. புதன்கிழமை நண்டுக்காக அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மார்க்கட்டுக்கு ஓடிப்போய் வந்தாள்.

“மருந்தோ இது, விருந்தோ?” என்றார் விக்னராஜா நண்டுக் காலை உறிஞ்சியபடி.

“கதையாமல் சாப்பிடுங்கோ. நல்லா வேர்க்கவேணும்.”

முதல் கிழமை செவ்வாயில் அவர் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். வியாழன் மறுபடி பிடித்தார். அடுத்த கிழமையும் அப்படித்தான். ஏறும், இறங்கும். ஓகஸ்ட் நடுவில் ஒரு ஞாயிறு அவர் கட்டிலை விட்டே எழவில்லை; வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார்.

அன்றைக்கு வந்த கல்யாணசுந்தரம் குசினிச் சுவரில் தொங்கிய பெயின்ட் கம்பனி கலண்டரின் முன் நின்றார். கெமிஸ்ட் அல்லவா; எதையும் குறித்துப் பார்க்கும் பழக்கம். போன வாரங்களில் மோசமான நாட்கள் எவை என்று கேட்டுக் கேட்டுச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். வட்டங்கள் இரண்டு வரிசையாக நின்றன.

“ஞாயிறு, வியாழன். ஞாயிறு, வியாழன். சிஸ்டர், சனிக்கிழமையும் புதன்கிழமையும் இந்த வீட்டுல என்ன நடக்குது?”

“என்ன நடக்கும், சமையல்தான். நண்டு.”

“அப்ப நண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்.”

யோகா அகப்பையைக் கீழே வைத்தாள். “நீங்கள் சைவம், சுந்தரம் அண்ணை. வாசலில் நண்டு வாசம் வந்தாலே மூக்கைப் பொத்துற ஆள். நீங்கள் நண்டைத்தானே குற்றம் சொல்லுவியள்.”

“நான் என்ன, நண்டு மேல கேஸா போட்டிருக்கேன்?” என்றார் அவர். ஆனால் வட்டங்கள் சுவரில் இருந்தன. காலை தேத்தண்ணி வைக்கும்போதும், பின்னேரம் மருந்து வற்றும்போதும் அவை அவளைப் பார்த்தன.

ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, மார்க்கட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, யோகா தனியே லிட்டில் பர்க் தெருவுக்குப் போனாள். பரிசோதனைக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. தாளையும் எடுத்துப்போனாள், அதில் உள்ள எதையும் தான் மீறவில்லை என்று காட்ட. உண்மையில் சண்டை பிடிக்கத்தான் போனாள்.

“உங்கள் மருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா?” என்று கேட்டாள், உட்காருமுன்னரே.

லியோங் கோபிக்கவில்லை. சனிக்கிழமை என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். யோகா ஒன்றையும் விடாமல் சொன்னாள்: விடிய இஞ்சித் தேத்தண்ணி, மத்தியானம் குத்தரிசிச் சோறு, நண்டுக் குழம்பு. நண்டு என்ற இடத்தில் மிஸஸ் லியோங் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார்.

“லவ், அந்தத் தாள் எங்கே?”

கைப்பையில் இருந்து தாள் வந்தது. ஒரு மூலையில் மஞ்சள் கறை. மிஸஸ் லியோங் எட்டு வரிகளின் மேல் நகத்தை ஓட்டி, நாலாவதில் நிறுத்தினார்.

“நண்டு” என்றார்.

ஆறு கிழமையாக அது அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் குழம்பு துழாவினாள். யோகாவின் காது சுட்டது. ஆனாலும் அவள் விடவில்லை.

“நண்டு சூடு. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாப்பிட்டால் வேர்க்கும், தடிமன் ஓடும்.”

“சேற்றில் கிடப்பது” என்றார் லியோங். “அலையோடும் நிலாவோடும் வளர்வது. அதற்குள் நெருப்பு எங்கே இருந்து வந்தது?”

“அப்படியென்றால் ஏன் வேர்க்கிறது?”

லியோங் யோசித்தார். “அதில் என்ன போடுகிறாய்?”

மிளகு, என்றாள். லியோங் ஒரு விரலை மடக்கினார். உள்ளி. இன்னொரு விரல். சீரகம், வெந்தயம், வறுத்த மிளகாய்த் தூள், இஞ்சி. ஒரு கை முடிந்து மறுகைக்குப் போனது. கடைசியில் மடங்கிய விரல்களை அவளிடம் காட்டி ஏதோ சொல்ல, மிஸஸ் லியோங் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “இத்தனை பேரைக் காவலுக்கு வைத்தது அது சூடு என்பதாலா, என்று கேட்கிறார். நாங்களும் இஞ்சி இல்லாமல் நண்டு சமைப்பதில்லை.”

யோகா தன் கையைப் பார்த்தாள். ஆயிரம் முறை அவள் கை தானாக எடுத்துப் போட்ட மிளகு அது. ஏன் போடுகிறோம் என்று கை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

லியோங்கின் குரல் இளகியது. “உங்கள் ஊரில் அது சூடாகவே இருக்கலாம். நான் அங்கே வந்ததில்லை. அங்கே சாப்பிடுகிறவன் வெயிலில் நிற்பவன், வயிற்றில் நெருப்பு உள்ளவன். இவன் மூன்று குளிர்காலம் காற்றில் நின்றவன். நண்டைப் பார்க்காதே. ஆளைப் பார். அவன் நாக்கைப் பார்த்தாயா?”

பார்க்கவில்லை. படி ஏறி வரும் எல்லாரின் முகத்தையும் பார்த்துச் சோறு போட்டவள் வீட்டில் இருக்கிற மனுசனுக்கு மட்டும் ஊர் வழக்கத்தைப் பார்த்துப் போட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் கணவனை யன்னலடியில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னாள். தயிர் பூசியது போல வெள்ளையாக இருந்தது.

“என்ன, நீரும் சீன வைத்தியம் படிக்கிறீரோ?” என்றார் விக்னராஜா. பிறகு கூடையைப் பார்த்தார். “நண்டு எங்கை?”

அந்தக் கேள்விக்கு அவள் டிராமில் வரும் வழியெல்லாம் பதில் தேடியிருந்தாள். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆறு கிழமையாக நான்தான் உங்களைக் கட்டிலில் போட்டேன் என்ற வசனம் வெளியே வரவில்லை.

“நல்ல நண்டு வரேல்லையாம். கிரேக்கக்காரன் சொன்னவன்.”

“நண்டும் ஸ்ட்ரைக்கோ?” என்றார் அவர். அந்த வருடம் ஊரே ஸ்ட்ரைக்கில் இருந்ததால் பொய் எளிதாக நின்றது.

அந்தச் சனிக்கிழமை இறைச்சி ரசம். ஞாயிற்றுக்கிழமை விடிந்து அவர் எழுந்து உட்கார்ந்தார். யோகா குசினியில் இருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவரில் கை உராயும் சத்தத்துக்குத்தான் காத்திருந்தாள். அது அரைவாசித் தூரத்தில் நின்றது. கால் சத்தம் மட்டும் வந்தது. கல்யாணசுந்தரத்தின் சிவப்புப் பென்சில் அன்று சும்மா இருந்தது. புதன் நண்டில்லை, வியாழன் வட்டமில்லை. செப்டெம்பர் இரண்டாம் கிழமை அவர் கொல்லைப்புறத்தில், துணிக் கொடியின் கீழே ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். யோகா யன்னலுக்குள்ளால் எண்ணினாள். பதினெட்டு வரை போனது.

இருபதாம் திகதி அவள் தைத்த முதல் பத்துக் காலரையும் பிரிக்கவேண்டியிருந்தது. ஒரு முனை கூர், ஒரு முனை மொட்டை. மத்தியான மணி அடித்து வெளியே வந்தபோது, தொழிற்சாலைக் கதவடியில் விக்னராஜா நின்றார். தோளில் அந்தத் தோல் பை.

“கண்ணை மூடிக்கொண்டு நிக்கச் சொன்னவர். நிண்டனான். கோட்டில நடக்கச் சொன்னவர். நடந்தனான். போதும் எண்டவர். நான் இன்னும் ஒருக்கால் நடந்து காட்டினனான்.”

யோகா அழவில்லை. பையின் வாரை நேராக்கிவிட்டாள். “சாப்பிட்டியளோ?” என்று கேட்டாள்.

டிசெம்பர் வந்தது. டிராமின் திறந்த வாசலில் இப்போது வெந்த காற்று. ஒரு சனிக்கிழமை விக்னராஜா வேலை முடிந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தோடு குசினிக்குள் வந்தார். பிரித்தார். நாலு நீலக்கால் நண்டு. பக்கத்தில் ஒரு பிடி இஞ்சி. ஊதா நிறத்தில் முன்பின் கண்டிராத இலைக்கட்டு ஒன்று.

“இலை மிஸஸ் லியோங் தந்தவ. தங்கட வீட்டிலை நண்டோட போடுறவையாம். டிராமிலை கண்டனான்.”

யோகாவின் கை தண்ணீர்க் குழாயிலேயே நின்றது. “வேறை என்ன சொன்னவ?”

“எல்லாம்.”

“எப்ப?”

“செப்டெம்பரிலை. டிராமிலை திரும்ப ஏறின முதல் நாளே. ‘நண்டை விட்டது கஷ்டமா, விக்’ எண்டு கேட்டவ. டிராம் முழுக்கக் கேட்டது.”

“மூண்டு மாசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். “தெரிஞ்சிருந்தாலும் நான் சாப்பிட்டிருப்பன், யோகா. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டையும் விட்டிட்டு மார்க்கட்டுக்கு ஓடினீரே. அதை எப்பிடி வேண்டாம் எண்டுறது?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யோகா அதை நிறுத்தினாள். கிட்ட வந்து, அவர் முகவாயைப் பிடித்து முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள்.

“நாக்கை நீட்டுங்கோ.”

நீட்டினார். இளஞ்சிவப்பாக இருந்தது. வெயிலில் முகம் கறுத்து, நெற்றியில் வேர்வை நின்றது.

“ரெண்டு நண்டு சாப்பிடலாம்” என்றாள். “மூண்டாவது எனக்கு. நாலாவது மால்ட்டாக்காரிக்கு.”

அடுத்த நாள் வந்த கல்யாணசுந்தரம், அது நண்டின் குளிரும் இல்லை, சூடும் இல்லை, குழம்பில் இருந்த உப்பு என்றார். காது வியாதிக்கு உப்பு ஆகாது என்று எங்கோ வாசித்திருந்தார். இருக்கலாம். அல்லது அவர் தொடக்கத்தில் சொன்னது போலக் காது தானாகவே ஆறியிருக்கலாம். யோகா அதோடு சண்டைக்குப் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்; கண் சிவந்திருந்தது; மோர் கொண்டுவந்து வைத்தாள்.

லியோங்கின் மாடி இப்போது இல்லை. டிராமில் கண்டக்டர்களும் இல்லை. ஸ்பிரிங்வேல் கடைகளில் முருங்கையிலை கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, அந்த ஊதா இலையும் கிடக்கிறது. நண்டு கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு நடக்கிறது. எல்லாம் அசலாகவே கிடைக்கிற இந்தக் காலத்தில், யோகா இன்னும் அந்தத் தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நிற்பாள். நண்டைத் தெரிவுசெய்கிறாள் என்று கடைக்காரன் நினைப்பான். அன்றைக்கு வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள், யாருக்கு எப்படி முகம் இருந்தது என்று அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால், கூடையோடு, எதையும் பிடிக்காமல் விக்னராஜா நிற்பார்.